படத்திலுள்ளவர் யார்?



வானொலியிற் பேசுவதற்குத் தயக்கந் தரும் பொருள்கள் சில உள. இன்று நான் எடுத்துக்கொண்டது அவற்றுள் ஒன்று. குடும்பத்தார் கூடியிருந்து கேட்கும் வேளையில், இணையத்தளங்களில் வெளிவரும் ஆபாசப் படங்களைப் பற்றிப் பேசுவது முறைதானா என்று பெரியோர் சிலர் நினைத்தல் கூடும். யான் பேசப் புகுவது அப்படங்களைப் பற்றியன்று. அப்படங்களில் உள்ளவரின் பெயரையும் வயதையும் எழுதி வைக்கும் ஏட்டைப் பற்றியே. ஏடு எழுதுவதும் வயதுக்குச் சான்று கூறுவதும் பாடசாலை அதிபரின் நாளாந்தத் தொழில். ஆதலால் இப்பொருளிலே பேச ஓர் ஆசிரியனுக்கும் சிறிது உரிமை உண்டு.

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும், எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், எந்தப் பாடசாலைக்குச் சென்றாலும் அதிபரின் அலுமாரியில் கனத்த புத்தகம் ஒன்று இருக்கும். சேர்வு இடாப்பு என்பது அதன் பெயர். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, பெற்றார் அல்லது பாதுகாவலர் பெயர், முகவரி, சேர்ந்த நாள், விலகிய நாள் என்பன அதில் நிரல்பட எழுதப்பட்டிருக்கும். 1978 நவம்பரில் வீசிய சூறாவளியும், நீண்ட போர்க்காலத்து இடப்பெயர்வும், 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையும் இப்பகுதியில் எத்தனையோ வீடுகளின் பெட்டிகளை இல்லாமற் செய்தன. பிறப்புச் சான்றிதழை இழந்தவர்கள், தாங்கள் எழுத்துப் படித்த பாடசாலையைத் தேடி வந்து, 'ஐயா, பழைய இடாப்பில் எங்கள் பெயர் இருக்கின்றதா?' என்று கேட்டு நின்றதை என் தலைமுறை ஆசிரியர்கள் நன்கு அறிவர். தொழிலுக்கும் திருமணத்துக்கும் காணி உறுதிக்கும் அந்த ஒரு வரி போதுமானதாயிற்று. பதினைந்து வயது நிரம்பிய மாணவர் தேசிய ஆளடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்பொழுது அவ்விண்ணப்பத்தை அத்தாட்சிப்படுத்துபவரும் அதிபரே.

வயது முகத்தில் எழுதப்பட்டிருப்பதன்று. இதனை ஆசிரியரைக் காட்டிலும் அறிந்தவர் இலர். பதினான்கு வயதுப் பிள்ளை இருபது வயதினர்போல வளர்ந்து நிற்கும். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஆறாம் வகுப்பிலிருந்து வழிதவறி வந்தவள்போலத் தோன்றுவாள். ஆகவேதான் கடதாசியைக் கேட்கின்றோம்.

இனி, படத்துக்கு வருவோம். கைத்தொலைபேசி வருமுன்னர் ஒருவரைப் படம் பிடித்தால் அதனைக் கழுவி அச்சிட ஒரு கடைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. மட்டக்களப்பு நகரத்துப் படக்கடையிற் சுருளைக் கொடுத்தால், கடைக்காரர் பெயரை எழுதி, இலக்கமிட்ட துண்டொன்றைக் கையில் தருவார். அப்படம் எவருடையது, யார் கொண்டுவந்தார், எந்நாளில் என்பதற்கு அந்தத் துண்டே சான்று. நமது சட்டமியற்றியோர் இந்தக் கடைக்காரரை மறந்துவிடவில்லை. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் தண்டனைச் சட்டக்கோவையில் 286அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஆபாசமாகப் படம் பிடிப்பதும், வெளியிடுவதும், வைத்திருப்பதும் ஈராண்டுக்குக் குறையாமலும் பத்தாண்டுக்கு மேற்படாமலும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயின. அதனுடன் நில்லாது, கழுவக் கொடுத்த சுருளில் அத்தகைய படம் இருக்கக் கண்ட கடைக்காரர் உடனே அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும் என்றும் அப்பிரிவு கூறிற்று. படத்தைப் பிடித்தவரும் அல்லர், விற்றவரும் அல்லர். இடையில் நின்று கையாளுபவர். அவர்மீதும் ஒரு கடமை சுமத்தப்பட்டது. இந்த 'இடையில் நிற்பவர்' என்னும் கருத்தை நேயர்கள் மனத்தில் இருத்துமாறு வேண்டுகின்றேன். பின்னர் சொல்லப்போவன யாவும் அதனைச் சுற்றியே வரும்.

இங்கே ஒரு நுட்பத்தையும் குறித்தல் தகும். நமது நாட்டில் உடலுறவுக்கு உடன்படும் வயதாகச் சட்டம் கொள்வது பதினாறு. ஆபாசப் படத்தைப் பொறுத்தவரையிலோ பதினெட்டுக்குட்பட்டவர் யாவரும் பிள்ளைகளே. பதினேழு வயதுப் பெண்ணின் படத்தைக் கையில் வைத்திருக்கும் இளைஞன், 'அவளே விரும்பி அனுப்பினாள்' என்று கூறித் தப்புதல் இயலாது. நம் மாணவரிற் பலர் இதனை அறியார். அறிந்த பெற்றாரும் மிகச் சிலரே.

கடைக்காரரின் காலம் கழிந்தது. கைத்தொலைபேசியிற் படம் பிடிப்பவனே கழுவுபவனும் அச்சிடுபவனும் பரப்புபவனுமாயினான். 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதற்கேற்ப 286ஆ என்னும் பிரிவைச் சேர்த்தது. கணினி வாயிலாகச் சேவை வழங்குவோர், அவ்வசதி சிறுவர்மீதான பாலியற் கொடுமைக்குப் பயன்படாதபடி வேண்டிய நடவடிக்கைகளை எடுத்தல் வேண்டும்; பயன்படுவதை அறிந்தால் பொலிசாருக்கு அறிவித்து, செய்தவர் யார் என்பது பற்றித் தம்மிடமுள்ள தகவலையும் கொடுத்தல் வேண்டும். படக்கடைக்காரரின் கடமை கணினிக்காரருக்கு மாறிற்று என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை நமது சட்டம் ஓரளவு தெளிவானதே. வயது வந்தவரைப் பொறுத்தவரையிலேதான் குழப்பம். பிரித்தானியர் காலத்து 1927ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம், ஆபாசமானவற்றை ஆக்குவதையும் விற்பனைக்கென வைத்திருப்பதையும் பரப்புவதையும் பொதுவாகவே விலக்கியது. முற்றாக விலக்கப்பட்ட பொருளொன்றுக்கு 'இடாப்பு வைத்திரு' என்று சட்டம் எவ்வாறு சொல்லும்? கசிப்புக் காய்ச்சுபவனைக் கணக்குப் புத்தகம் எழுதச் சொல்வார் உண்டோ? இதன் விளைவு யாதெனில், ஆபாசமா அன்றா என்னும் ஒரு வினாவையே சட்டம் கேட்கின்றது. படத்திலுள்ளவர் யார், அவர் இசைந்தாரா, இசைந்தவர் படம் பிடிப்பதற்கு இசைந்தாரா, ஊருக்குக் காட்டுவதற்கும் இசைந்தாரா என்னும் வினாக்கள் அங்கே எழவில்லை.

எழாத வினா எத்தகைய தீங்கை விளைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2010ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஆபாச இணையத்தளங்களிற் காணப்பட்ட இலங்கையர் எண்பதுக்கு மேற்பட்டோரின் முகப்படங்களை, நீதிமன்ற அனுமதியுடன் பொலிசார் பத்திரிகைகளில் வெளியிட்டு, அவர்களை அடையாளங் காட்டுமாறு பொதுமக்களைக் கேட்டனர். அவ்வாறு அச்சேறிய முகங்களுள் எவர் அறிந்து நின்றவர், எவர் நம்பியவரால் வஞ்சிக்கப்பட்டவர், எவர் ஒளித்து வைத்த கருவியிற் பிடிபட்டவர் என்பதை முகத்தைக் கொண்டு எவ்வாறு அறிவது? இணையத்தளத்தை நாடிச் சென்றவர் மட்டும் கண்டிருந்த முகத்தை, அதன்பின் காலைத் தேநீருடன் பத்திரிகை விரிப்பவர் அனைவரும் கண்டனர். அந்நடவடிக்கை குற்றவாளியைத் தேடும் நன்னோக்கத்துடனே செய்யப்பட்டிருக்கலாம். ஆயினும் அதிற் குற்றவாளியும் குற்றத்துக்கு இரையானவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டனர் என்பதே என் கருத்து. இத்தகைய படங்களுக்கு முறையான ஏடு ஒன்று எங்கேனும் இருந்திருப்பின் அந்த வரிசை தேவைப்பட்டிராது.

ஏடு வைக்க வேண்டுமென்று சட்டம் செய்த நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே வயது வந்தோர் வயது வந்தோர்க்கென ஆக்கும் பாலியற் படங்கள் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டவை அல்ல. கருத்து வெளியீட்டுச் சுதந்திரம் என்னும் அரசியலமைப்பு ஏற்பாடு அவற்றுக்கும் ஒரு நிழல் தருகின்றது. அது சரியோ பிழையோ என்னும் வாதத்துக்குள் யான் புகவில்லை. 1986ஆம் ஆண்டிலே அந்நாட்டில் ஒரு செய்தி வெளிப்பட்டது. அத்துறையிற் பெரும் புகழ்பெற்றிருந்த நடிகை ஒருவர், தம் படங்களுட் பெரும்பாலானவற்றில் நடித்தபொழுது பதினெட்டு வயது நிரம்பாதவராயிருந்தார் என்பதே அது. பொய்யான ஆவணங்களைக் காட்டியிருந்தாராம். 'எங்களுக்கு எப்படித் தெரியும்?' என்றனர் தயாரிப்பாளர். அவ்வாண்டு அறிக்கை சமர்ப்பித்த சட்டமா அதிபர் ஆணைக்குழுவும் வயதுக்கு எழுத்துமூலச் சான்று வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1988இற் சட்டம் பிறந்தது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் 2257ஆம் பிரிவு என்று அதனை வழங்குவர்.

அச்சட்டத்தின் ஏற்பாடுகளைப் படித்தபொழுது பாடசாலைச் சேர்வு இடாப்பே என் நினைவுக்கு வந்தது. படம் எடுப்பவர், அதில் தோன்றும் ஒவ்வொருவரின் அடையாள ஆவணத்தையும் பார்வையிட்டு, பெயரையும் பிறந்த திகதியையும் நிச்சயித்தல் வேண்டும். திருமணத்துக்கு முந்திய பெயர், மாற்றுப்பெயர், மேடைப்பெயர், செல்லப்பெயர் என வழங்கிய பெயர் எல்லாவற்றையும் எழுதல் வேண்டும். பெயரைக் கொண்டு படத்தையும் படத்தைக் கொண்டு பெயரையும் தேடக்கூடியவாறு ஏடு ஒழுங்குபடுத்தப்படல் வேண்டும். ஏழாண்டுக் காலம் அதனைப் பேணல் வேண்டும். அரசாங்க உத்தியோகத்தர் வந்து பார்ப்பதற்கு வாரத்தில் இருபது மணி நேரமாயினும் திறந்து வைத்தல் வேண்டும். ஏடு எந்த முகவரியில் யாருடைய பொறுப்பில் உள்ளது என்னும் அறிவித்தலை ஒவ்வொரு படத்திலும் பொறித்தல் வேண்டும். தவறினால், குழந்தைகள் எவரும் அப்படத்தில் இல்லாவிடினும், ஏடு வைக்காமையே குற்றமாம். முதன்முறைக்கு ஐந்தாண்டு வரை சிறை.

பணங்கொடுத்து நடிகரை அமர்த்தும் நிறுவனத்துக்கு இவை பொருந்தும். ஆனால் வாசகர் தாமாகவே அனுப்பும் படத்துக்கு? இவ்வினா இணையத்துக்கு முன்னரே எழுந்துவிட்டது. தம்பதியர் தங்கள் படங்களைத் தாமே எடுத்து அனுப்ப, அவற்றை விளம்பரங்களுடன் வெளியிடும் பத்திரிகைகள் அந்நாட்டில் இருந்தன. அத்தகைய நிறுவனமொன்று தொடர்ந்த வழக்கிலே, டென்வர் நகரத்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 1998இல், படத்தில் தோன்றுவோரை அமர்த்துவதிலோ ஒழுங்குசெய்வதிலோ பங்குகொள்ளாத வெளியீட்டாளர்மீது, அப்பொழுதிருந்த சட்டத்தின் சொற்களைக் கொண்டு, இக்கடமையைச் சுமத்தலாகாது என்று தீர்த்தது. அதேவகைப் பத்திரிகை ஒன்றின் வழக்கு சின்சினாட்டி நகரத்து நீதிமன்றத்தில் பல்லாண்டுகள் நடந்தது. 'படம் அனுப்புவோர் தம் பெயரை மறைக்க விரும்புகின்றனர். ஏடு கேட்டால் அனுப்பமாட்டார்கள். அவர்களுடைய சுதந்திரம் போய்விடும்' என்பது பத்திரிகையின் வாதம். முதலில் மூவர் கொண்ட ஆயம் 2007இல் அவ்வாதத்தை ஏற்றது. நீதிபதிகள் அனைவரும் கூடி மீண்டும் விசாரித்து 2009இல் அதனை மாற்றிச் சட்டம் செல்லும் என்றனர். கற்றறிந்த நீதிபதிகளே ஈராண்டுக்குள் இருவேறு முடிவுக்கு வந்தனர் என்றால், வினா எளிதன்று என்பது விளங்கும்.

இதற்கிடையில் 2006இற் காங்கிரசு சட்டத்தைத் திருத்திற்று. படத்தைக் கணினித் தளத்தில் ஏற்றுபவரும் 'தயாரிப்பவர்' என்னும் வரைவிலக்கணத்துள் வந்தார். ஆனால் அத்திருத்தத்திலேயே ஒரு கதவும் திறந்து விடப்பட்டது. பிறர் அனுப்புவதைத் தெரிவுசெய்யாமலும் மாற்றாமலும் வெறுமனே சேமித்து வைத்து வழங்கும் தளத்தார் தயாரிப்பவர் ஆகார். ஆகவே பொதுமக்கள் ஏற்றும் படங்களாற் கோடிக்கணக்கிற் பொருளீட்டிய தளங்கள், 'நாங்கள் வெறும் களஞ்சியகாரர்' என்று கூறி ஒதுங்கின. ஏடு வைக்க வேண்டியவர் படத்தை ஏற்றிய தனியாள். அவரோ புனைபெயரில் வந்து போகின்றவர். நம்மூர்ப் படக்கடைக்காரருக்குச் சட்டம் சுமத்திய அந்தச் சிறு கடமையேனும், உலகின் மிகப் பெரிய படக்கடைகளுக்கு வயதுவந்தோர் படங்களைப் பொறுத்தவரை இல்லாது போயிற்று.

இனி, ஏட்டின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். இடாப்பு என்றால் நன்மையே என்று எண்ணுவது எழுதுவினைஞரின் பேதைமை. தன் வீட்டில் இருந்துகொண்டு தானே படம் எடுத்து வெளியிடும் வயதுவந்த பெண் ஒருத்தி, ஏடு இருக்கும் முகவரியைப் படத்திற் பொறிக்க வேண்டுமெனின், தன் வீட்டு முகவரியை உலகத்துக்கெல்லாம் அறிவிக்க வேண்டியவள் ஆகின்றாள். பின்தொடர்ந்து வந்து தொல்லை தருவோர்க்கு இதைவிட வேறு வசதி வேண்டுமோ? 2008ஆம் ஆண்டு இறுதியில் வெளியான ஒழுங்குவிதிகள், ஏட்டை மூன்றாமவர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்று இடமளித்தன. நீதிமன்றப் பிடியாணை எதுவுமின்றிப் புலனாய்வு உத்தியோகத்தர் வந்து ஏட்டைப் பார்வையிடும் ஏற்பாடு, அரசியலமைப்பின் நான்காந் திருத்தத்துக்கு மாறானது என்று பிலடெல்பியா நகரத்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 2015இலும் மீண்டும் 2016இலும் தீர்த்தது. ஏடு எழுதுவது ஒன்று. அதனை யார், எந்த அதிகாரத்தின்பேரில் திறக்கலாம் என்பது வேறொன்று. ஓர் அதிபராக இதனை நான் உடன்படுகின்றேன். சேர்வு இடாப்பு என் மேசையில் இருக்கின்றது என்பதற்காக வாசலில் வந்து கேட்பவர்க்கெல்லாம் ஒரு மாணவியின் முகவரியை வாசித்துக் காட்டுவதில்லை.

ஏடு சரியாயிருந்தும் நீதி பிழைத்த கதை ஒன்றும் உண்டு. கலிபோர்னியாவிலுள்ள சான் டியாகோ நகரத்தில் இளம்பெண்கள் 22 பேர் ஒரு படநிறுவனத்தார்மீது வழக்குத் தொடுத்தனர். அவர்கள் யாவரும் வயது வந்தோர். ஒப்பந்தங்கள் கையொப்பமிடப்பட்டிருந்தன. ஆனால், 'இப்படம் தொலைநாட்டில் இறுவட்டாக மட்டும் விற்கப்படும், இணையத்தில் ஒருபோதும் வராது' என்று சொல்லி அவர்களை இசைவித்திருந்தனர். சில வாரங்களிற் படம் அவர்களுடைய ஊராரின் கைகளில் இருந்தது. 2020 ஜனவரியில் நீதிமன்றம் ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தேழு இலட்சம் டொலர் நட்டஈடு விதித்தது. அந்நிறுவனத்தின் தலைவருக்கு 2025 செப்டெம்பரில் 27 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. பிறந்த திகதியைப் பதியும் ஏடு, வயதைக் காட்டும். மனத்தைக் காட்டாது. நமது திருமணப் பதிவுகளிலும் கையொப்பம் இருக்கின்றது. எல்லாக் கையொப்பத்தின் கீழும் மனம் இருக்கின்றதா என்பதைப் பதிவாளரும் அறியார்.

பொதுமக்கள் ஏற்றும் படங்களுக்கு ஏடு வைக்கும் கட்டாயம் ஈற்றில் எங்கிருந்து வந்தது தெரியுமோ? பாராளுமன்றத்திலிருந்தன்று, கடனட்டை நிறுவனத்திலிருந்து. 2020 டிசம்பரில் நியூயோர்க் நகரத்துப் பத்திரிகையொன்றில் வந்த கட்டுரை, மிகப் பெரிய தளமொன்றிற் சிறுமியர் படங்களும் பலாத்காரப் படங்களும் இருந்தமையை எடுத்துக்காட்டிற்று. தளத்தின் பெயரை வானொலியிற் சொல்லி அதற்கு விளம்பரம் தேடிக்கொடுக்க நான் விரும்பவில்லை. அதனை நடத்தியது கனடாவின் மொன்றியல் நகரத்து மைண்ட்கீக் என்னும் நிறுவனம். 2023இல் அது தன் பெயரை மாற்றிக்கொண்டது. விசாவும் மாஸ்டர்காட்டும் அத்தளத்தில் தம் அட்டைகளை ஏற்பதை நிறுத்தின. சில நாட்களில், அடையாளம் உறுதிசெய்யப்படாதோர் ஏற்றிய படங்கள் அனைத்தையும் தளத்தார் நீக்கினர். ஒரு கோடிக்கு மேலிருந்த தொகை சில பத்து இலட்சமாகச் சுருங்கிற்று. 2021 அக்டோபர் 15 முதல் மாஸ்டர்காட் புதிய விதியொன்றை நடைமுறைப்படுத்திற்று. படத்தை ஏற்றுபவரின் அடையாளம், படத்தில் தோன்றும் ஒவ்வொருவரின் வயது, ஒவ்வொருவரின் இசைவு ஆகியவற்றுக்கு எழுத்துமூலச் சான்று இருத்தல் வேண்டும். வெளியிடுமுன் படத்தைப் பார்வையிடல் வேண்டும். முறைப்பாடு வந்தால் ஏழு வேலைநாட்களுள் தீர்த்தல் வேண்டும். முப்பதாண்டுக்கு மேலாக வழக்குமன்றங்களில் இழுபட்ட விடயத்தை ஒரு வாணிக நிறுவனம் தன் ஒப்பந்தத்தின் ஒரு பந்தியில் முடித்து வைத்தது. மகிழ்வதா, வருந்துவதா என்று எனக்குத் தெளிவில்லை. வாக்களித்து அனுப்பியவர்களைக் கேள்வி கேட்க நமக்கு ஒரு வழி உண்டு. வட்டி வாங்குபவர்களைக் கேட்க என்ன வழி?

கனடாவின் தனியுரிமை ஆணையாளர் 2024 பெப்ரவரி இறுதியில் வெளியிட்ட அறிக்கை இந்த வாதத்தின் ஆணிவேரைத் தொட்டது. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை அவளுடைய முன்னாள் துணைவன் அவளறியாமல் ஏற்றிவிட்டான். தளத்தார் ஏற்றியவனின் சொல்லையே நம்பினர். படத்தில் தோன்றும் ஒவ்வொருவரிடமிருந்தும் நேரே இசைவைப் பெற்றிருத்தல் வேண்டும். ஏற்றியவரின் உறுதிமொழி போதாது. இதனைச் செய்யாமையால் நிறுவனம் தனியுரிமைச் சட்டத்தை மீறியது என்பது ஆணையாளரின் முடிவு. 'படத்திலுள்ளவர் யார்?' என்னும் வினா இங்கேதான் முறையாகக் கேட்கப்பட்டது என்று கருதுகின்றேன்.

அண்டைநாடாகிய இந்தியா வேறொரு வழியிற் சென்றது. 2021 பெப்ரவரியில் வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அந்தரங்கப் படத்திலுள்ளவர் முறையிட்டால் தளத்தார் 24 மணி நேரத்துள் அதனை அகற்றல் வேண்டும் என்று விதித்தது. அகற்றிய படத்தையும் அதன் விபரத்தையும் விசாரணைக்காக 180 நாட்கள் பேணி வைக்கவும் விதித்தது. வெளியிடுமுன் கேட்கும் ஏடு அமெரிக்காவினது. அகற்றிய பின் காக்கும் ஏடு இந்தியாவினது. 2025 ஜூலையிற் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெண் சட்டத்தரணி ஒருவர் இத்தகைய முறையீட்டுடன் வந்தபொழுது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்துள் அப்படங்களைத் தடைசெய்யுமாறு மத்திய அரசாங்கத்துக்குப் பணித்தார். சட்டம் படித்தவர்க்கே உயர் நீதிமன்றம் வரை செல்லவேண்டியதாயிற்று எனின் ஏனையோர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

நம் வாவிக்கரைக் கிராமங்களின் நிலை யாது? மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மாரின் பிள்ளைகள் பலர் பாட்டிமாரின் பராமரிப்பில் வளர்கின்றனர். தாய் முகம் காண்பதற்கென வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசியே வேறு வாசல்களையும் திறந்து விடுகின்றது. மட்டக்களப்பு வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. திருமணமானபின் ஆண்மகன் பெண்வீடு செல்வான். ஆதலால் பெண்மேல் வரும் பழி வீட்டின்மேலும் வருகின்றது. ஒரு படம் வெளிவந்தால், படம் பிடித்தவன் யார் என்று கேட்பவர் குறைவு. 'எந்த வீட்டுப் பெண்?' என்பதே துறையடியில் எழும் முதற் கேள்வி. இந்நிலையில், தன் படமே 1927ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கண்ணில் ஆபாசப் பொருள் என்று அஞ்சும் பெண் பொலிஸ் நிலையத்துக்கு எவ்வாறு செல்வாள்? 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றி நாட்டில் எழுந்த விவாதம் பெரும்பாலும் அரசியற் கருத்துச் சுதந்திரத்தைப் பற்றியதாகவே இருந்தது. அது வேண்டியதே. ஆயினும் இப்பெண்ணின் வினாவுக்கு அவ்விவாதத்தில் அதிக இடம் கிடைக்கவில்லை.

என் எண்ணத்தைக் கேட்பின், இசைந்தவரையும் இசையாதவரையும் பிரித்தறியும் சொற்கள் நமது பழைய கட்டளைச் சட்டத்தில் முதலில் இடம்பெறல் வேண்டும். இசைவின்றி வெளியிடப்பட்ட படத்திலுள்ளவர் அக்குற்றத்தில் ஒருபோதும் பங்காளியாகக் கொள்ளப்படார் என்று தெளிவாக எழுதப்படல் வேண்டும். அதன்பின்னரே தளத்தாரிடம் ஏடு கேட்பதில் பயன் விளையும். அந்த ஏட்டையும் நீதவானின் கட்டளை கொண்டே திறக்க வேண்டும்.

அதுவரை கைவசமுள்ளவற்றையேனும் பயன்படுத்த வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தில் பலர் கவனியாத ஏற்பாடொன்று உண்டு. விசாரணைக்கு வேண்டிய கணினித் தகவல் அழிந்துவிடக்கூடும் என்று கண்டால், அதனை ஏழு நாள் வரை அழியாமற் பேணுமாறு விசாரணை உத்தியோகத்தர் எழுத்துமூலம் பணிக்கலாம். நீதவான் அதனைத் தொண்ணூறு நாள் வரை நீடிக்கலாம். ஏழு நாள் என்பது குறுகிய காலம். ஆகவே 'பெரியவர்களைக் கேட்டு அடுத்த கிழமை போவோம்' என்று காலந்தாழ்த்துதல் கூடாது. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு வரும் ஓடம் அடுத்த நடையும் வரும்; அழிந்த தகவல் வராது.

பெற்றார் செய்ய வேண்டியது இதுதான். அவமானத்தால் உடனே கைத்தொலைபேசியை உடைத்தெறிய வேண்டாம். செய்திகளை அழிக்கவும் வேண்டாம். படம் வந்த தளத்தின் முகவரி, அனுப்பிய கணக்கின் பெயர், கண்ட நாள், நேரம் ஆகியவற்றைக் கொப்பியொன்றில் எழுதி வையுங்கள். படத்தில் இருப்பது பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையாயின், 'சான்றுக்காக' என்றுகூட அப்படத்தைப் பிரதி செய்யவோ மற்றவர்க்கு அனுப்பவோ கூடாது. எழுதிய குறிப்பே போதும். வயது வந்தவராயின் 'ஸ்டொப் என்சிஐஐ' என்னும் சேவையொன்று 2021 டிசம்பர் தொடங்கி உலகெங்கும் உள்ளது. அதிற் படம் உங்கள் கைத்தொலைபேசியை விட்டு வெளியே செல்வதில்லை. கைநாட்டுப் போன்ற எண்வரிசை ஒன்று மட்டும் படத்திலிருந்து ஆக்கப்பட்டு, அதிற் பங்குகொள்ளும் தளங்களுக்கு அனுப்பப்படும். அவ்வெண்ணுடன் பொருந்தும் படத்தை அவை தேடித் தடுக்கும். பெயரைக் கொடாமலே பதிவு செய்யக்கூடிய ஏடு இது ஒன்றுதான் போலும்.

பிள்ளைகள் தொடர்பான முறைப்பாட்டைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு அறிவிக்கலாம். பெண்களுக்கான இலக்கம் 1938. 1929க்கு இரவிலும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே முறையிடலாம்.